முதல் எபிசோடில் நாம் யார்?

2021 மார்ச் 21, ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணி. பிபிசி ஒன் அலைவரிசையில் ‘லைன் ஆஃப் டியூட்டி’யின் ஆறாவது சீசன் தொடங்கியது. காவல்துறைக்குள் இருக்கும் ஊழலைக் காவல்துறையின் ஒரு பிரிவே துருவும் கதை. எழுதியவர் ஜெட் மெர்க்யூரியோ. அன்றிரவுக் கணக்குப்படி சுமார் 96 லட்சம் பேர் பார்த்தார்கள். மறுநாள் காலை பார்வையாளர்களிடமிருந்து எழுந்த பெரிய முறைப்பாடு ஒன்றுதான். பாத்திரங்கள் மூச்சுக்கு மூச்சு உச்சரித்த ‘சி.எச்.ஐ.எஸ்.’ என்றால் என்ன? காவல்துறைக்கு இரகசியமாகத் தகவல் தரும் ஆளைக் குறிக்கும் அலுவலகச் சுருக்கம் அது. பத்திரிகைகள் விளக்கம் எழுதின. கேட் ஃபிளெமிங் ஏன் பழைய பிரிவை விட்டுப் போனார், புதிதாக வந்த அதிகாரி ஜோ டேவிட்சனை நம்பலாமா என்று வீடுகளில் வாதம் நடந்தது. ஆறு வாரம் கழித்து, மே 2 அன்று இறுதி எபிசோடை 1 கோடியே 28 லட்சம் பேர் பார்த்தார்கள். அவர்களில் பலர் முடிவு சப்பென்று போனதாகக் கோபித்துக்கொண்டார்கள். ஒரு குற்றத் தொடரின் பார்வையாளருக்கு வேண்டிய சுகம் இதுதான்: புரியாததைப் பற்றிப் பேசலாம், சந்தேகப்படலாம், கடைசியில் ஏமாற்றமும் அடையலாம். அந்தக் கதையில் வரும் குற்றவாளி தன் இனத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறானா என்ற கவலை அவர்களுக்கு இல்லை.

அதே ஆண்டு ஜூன் மாதத்தில் இன்னொரு தொடரின் இன்னொரு சீசன் தொடங்கியது. ராஜ் நிதிமோரு, கிருஷ்ணா டி.கே. இருவரும் உருவாக்கிய ‘தி ஃபேமிலி மேன்’. அமேசான் பிரைமில் இரண்டாவது சீசனுக்கு அறிவிக்கப்பட்ட நாள் ஜூன் 4. இந்தியாவில் 4ஆம் தேதி பிறக்கும் நேரத்தில் லண்டனில் 3ஆம் தேதி மாலை ஏழரை மணி. கோடைக்கால வெளிச்சம் இன்னும் போயிராத நேரம். தொற்றுக்காலக் கட்டுப்பாடுகள் முழுதாக நீங்காத நாட்கள் அவை. மே 17 முதல்தான் வீட்டுக்குள் ஆறு பேர் அல்லது இரண்டு குடும்பத்தினர் கூடலாம் என்ற தளர்வு வந்திருந்தது. அதனால் மனோர் பார்க்கின் தமிழ் வீடுகளில் அந்த முதல் எபிசோடு கூட்டமாக உட்கார்ந்து பார்க்கப்பட்ட ஒன்றல்ல. அவரவர் வீட்டில், அவரவர் தொலைக்காட்சியிலோ கைபேசியிலோ பார்க்கப்பட்டது. பேச்சு பிறகு தொலைபேசியில் நடந்தது.

இந்த இரண்டு தொடக்கங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே என் எண்ணம். குற்றத் தொடரைப் பற்றிய பார்வையாளர் கருத்து இரண்டு வகைப்படும். கதையைப் பார்ப்பவரின் கருத்து ஒன்று. கதையில் காட்டப்படுபவரின் கருத்து மற்றொன்று. முதலாமவருக்கு முதல் எபிசோடு ஒரு அழைப்பு. இரண்டாமவருக்கு அது ஒரு சாட்சியம்; அதில் தன் பெயர் எப்படிச் சொல்லப்படுகிறது என்பதைத்தான் அவர் முதலில் கவனிக்கிறார். விமர்சகர்கள் இந்த இரண்டையும் ஒரே தட்டில் போட்டு எடைபோடுவதால்தான் 2021இன் சர்ச்சை இன்றுவரை சரியாகப் பேசப்படாமல் கிடக்கிறது.

மனோர் பார்க் கிழக்கு லண்டனின் நியூஹாம் பெருநகரப் பகுதியில், அஞ்சல் குறியீடு ஈ12க்குள் அடங்குவது. வடக்கே ரொம்ஃபோர்ட் சாலை, தெற்கே போகப் போக ஈஸ்ட் ஹாமின் ஹை ஸ்ட்ரீட் நார்த். சர்ச் ரோட்டில் லண்டன் ஸ்ரீ முருகன் கோயிலின் கோபுரம் செங்கல் வீட்டு வரிசைகளுக்கு மேலே தெரியும். 1983 யூலைக் கலவரத்துக்குப் பிறகு வந்த ஈழத்தமிழர்களும், அதற்கு முன்பே படிக்கவும் வேலைக்கும் வந்தவர்களும், 2000க்குப் பிறகு தமிழ்நாட்டிலிருந்து கணினித் துறைக்கும் மருத்துவமனைகளுக்கும் கடைகளுக்கும் வந்தவர்களும் ஒரே கடைத்தெருவில் காய்கறி வாங்குகிறார்கள். 2011 குடிசனக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தமிழைத் தம் முதன்மை மொழி என்று எழுதியவர்கள் ஒரு இலட்சத்துக்குச் சற்று அதிகம். இந்தத் தெருவில் ‘தமிழர் கருத்து’ என்று ஒற்றையாக ஒன்று இருக்க முடியாது. திருநெல்வேலிக்காரர் ஒருவரும் வல்வெட்டித்துறைக்காரர் ஒருவரும் ஒரே எபிசோடைப் பார்த்தால், அவர்கள் பார்ப்பது இரண்டு வேறு எபிசோடுகள்.

அந்த முதல் எபிசோடின் பெயர் ‘எக்ஸைல்’, அதாவது நாடு கடந்த வாழ்வு. பழைய நாயகன் ஸ்ரீகாந்த் திவாரியோடு அது தொடங்கவில்லை. வட இலங்கையில் ஒரு போராளிகள் தளத்தில் தொடங்குகிறது. தலைவர் பாஸ்கரனாக மைம் கோபி, அவரது தம்பி சுப்புவாக ஸ்ரீகிருஷ்ண தயாள், தோழர் தீபனாக அழகம்பெருமாள். அரச படைகளின் தாக்குதலில் தளம் சிதைகிறது. பிரிந்து போவது என்று முடிவெடுக்கிறார்கள். பாஸ்கரன் லண்டனுக்குப் போய் நாடு கடந்த அரசை நடத்துகிறார். சுப்பு சென்னைக்குப் போகிறார். அதன் பிறகுதான் மும்பையில் உளவு வேலையை விட்டுவிட்டுக் கணினி நிறுவனத்தில் இளம் மேலாளரின் பேச்சைக் கேட்டு உட்கார்ந்திருக்கும் ஸ்ரீகாந்த் (மனோஜ் பாஜ்பாயி) நமக்குக் காட்டப்படுகிறார்.

முதல் சீசனைப் பார்த்துவிட்டு வந்த இந்தி ரசிகருக்கு இந்த வரிசை சாதாரணம். ‘இந்த முறை எதிரி இவர்கள்’ என்று புரிந்துகொண்டு, பழைய ஸ்ரீகாந்துக்காகக் காத்திருப்பார். மனோர் பார்க்கில் உட்கார்ந்திருக்கும் ஈழத்தமிழருக்கு வரிசை தலைகீழ். அவருக்குத் தெரிந்த கதையோடு எபிசோடு தொடங்குகிறது: கடற்கரை, பதுங்குகுழி, குண்டுவீச்சு, பிரிவு, லண்டன். அங்கே அவர் உள்ளே இருக்கிறார். மும்பைக் குடும்பம் திரையில் வந்ததும் அவருக்கு விளங்குகிறது, இந்தத் தொடர் தன் கதை அல்ல, தன்னைப் பிடிக்க வருபவரின் கதை என்று. திரைக்கதை உத்தி என்ற அளவில் இது திறமையான தொடக்கம். எதிராளிக்கு முதலில் முகம் கொடுத்த பிறகே நாயகனைக் கொண்டுவருகிறார்கள். ஆனால் அதே உத்திதான் ஒரு பகுதிப் பார்வையாளரை வீட்டுக்குள் அழைத்துப் பத்தாவது நிமிடத்தில் வாசலில் நிறுத்துகிறது.

சர்ச்சையோ எபிசோடுக்குக் காத்திருக்கவில்லை. முன்னோட்டம் வெளியானது 2021 மே 19. அதற்கு முந்தைய நாள் மே 18, முள்ளிவாய்க்கால் நினைவு நாள். போர் முடிந்து பன்னிரண்டாவது ஆண்டு. இந்தத் தேதிகளை யாராவது திட்டமிட்டு அடுக்கினார்கள் என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை. நிறுவனத்தின் நாட்காட்டியில் அந்த நாள் இல்லை என்பதே உண்மையாக இருக்கும். அப்படி இல்லாமல் போனதுதான் பிரச்சினை. முதல் நாள் விளக்கேற்றிய வீட்டில் மறுநாள் கைபேசியில், போராளி உடையில் கறுப்பு மை பூசிய முகத்தோடு நடிகை சமந்தா. அவரைப் பாகிஸ்தானின் உளவு அமைப்போடு இணைத்துப் பேசும் வசனம். இரண்டு நிமிடச் சொச்ச முன்னோட்டம் அந்த வீட்டுக்கு என்ன சொல்லியிருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

மே 23 அன்று வைகோ மத்திய அமைச்சர் பிரகாஷ் ஜவடேகருக்குக் கடிதம் எழுதினார். 24ஆம் தேதி தமிழ்நாட்டின் தகவல் தொழில்நுட்ப அமைச்சர் மனோ தங்கராஜ், தொடரை நிறுத்தவோ தடை செய்யவோ வேண்டும் என்று அதே அமைச்சருக்கு எழுதினார். சீமான் அமேசானைப் புறக்கணிப்போம் என்றார். ராஜும் டி.கே.வும் பதில் சொன்னார்கள்: முன்னோட்டத்தின் ஓரிரு காட்சிகளை வைத்து முடிவுக்கு வரவேண்டாம், நடிகர்களிலும் எழுத்துக் குழுவிலும் தமிழர்கள் பலர் இருக்கிறார்கள், வெளியானதும் பாருங்கள். வெளியான பிறகும் பாரதிராஜா போன்றவர்கள் ஒளிபரப்பை நிறுத்தச் சொல்லி அறிக்கை விட்டார்கள். இன்னொரு பக்கம் இந்தியா முழுக்க அதே தொடரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். சில நிமிடங்களே வரும் செல்லம் சார் (உதய் மகேஷ்) ஒரு வாரத்தில் நாட்டுக்கே தெரிந்த பெயரானார். சமந்தாவுக்கு அந்த ஆண்டின் ஃபிலிம்ஃபேர் ஓடிடி விருது கிடைத்தது.

‘பார்க்காமலே தீர்ப்புச் சொன்னார்கள்’ என்ற குற்றச்சாட்டை நான் இலேசாகத் தள்ளிவிட மாட்டேன். படைப்பைப் பார்க்காமல் தடை கேட்பது தவறு. ஆனால் இந்த அவசரம் எங்கிருந்து வந்தது என்று லண்டனில் நின்று கேட்க வேண்டும். 2009 ஏப்ரலில் நாடாளுமன்றச் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் போர் நிறுத்தம் கேட்டு உட்கார்ந்தார்கள். பரமேஸ்வரன் சுப்பிரமணியம் என்ற இளைஞர் அங்கே இருபது நாட்களுக்கு மேல் உண்ணாநிலை இருந்தார். அதே ஆண்டு அக்டோபரில் ‘டெய்லி மெயில்’, ‘த சன்’ இரண்டும், அவர் இரகசியமாக மெக்டொனால்ட்ஸ் பர்கர் சாப்பிட்டார், காவல்துறைக் கருவிகளில் அது பதிவானது என்று எழுதின. அப்படியொரு கண்காணிப்பே நடக்கவில்லை என்று காவல்துறைத் தரப்பில் உறுதியானது. 2010 யூலையில் இரண்டு பத்திரிகைகளும் மன்னிப்புக் கேட்டு, முறையே 47,500 பவுண், 30,000 பவுண் இழப்பீடு கொடுத்தன. இடைப்பட்ட ஒன்பது மாதமும் அந்த இளைஞர் தன் சொந்தச் சமூகத்திலேயே தலைகுனிந்து நடக்க வேண்டியிருந்தது. முதல் செய்தியை இலட்சக்கணக்கானோர் படித்தார்கள், திருத்தத்தைப் படித்தவர்கள் எத்தனை பேர்? இந்த அனுபவம் உள்ள ஒரு சமூகத்திடம் ‘ஒன்பது எபிசோடும் முடியட்டும், கடைசியில் நியாயம் வரும்’ என்று சொன்னால் அது எளிதில் எடுபடாது.

2013 ஆகஸ்டில் ஈழப் போரைப் பற்றிய ஷூஜித் சர்காரின் ‘மெட்ராஸ் கஃபே’ படம் வந்தபோதும் இதே நிலைதான். தமிழ்நாட்டில் அது திரையரங்குக்கே வரவில்லை. பிரிட்டனில் தமிழர் எதிர்ப்பைத் தொடர்ந்து சினிவேர்ல்ட் திரையரங்குகள் படத்தை விலக்கிக்கொண்டன. மனோர் பார்க்கிலிருந்து இல்ஃபோர்ட் சினிவேர்ல்ட் எட்டிவிடும் தூரம். தமிழ்ப் படங்களுக்காக இந்தப் பக்கத்து மக்கள் வழக்கமாகப் போகிற இடம். திரையரங்க முதலாளிக்கு உள்ளூர் வாடிக்கையாளரின் முகம் தெரியும். ஓடிடி நிறுவனத்துக்குத் தெரியாது. எட்டு ஆண்டுகளில் பார்வையாளரின் எதிர்ப்பு எடுத்த வடிவம் மாறியதற்கு இதுவே காரணம். கதவு தட்ட ஆளில்லாத இடத்தில் ஊர் கூட்டிக் கத்த வேண்டியிருக்கிறது. அமைச்சருக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது.

இனி எபிசோடுக்கே வருவோம். எதிர்ப்பாளர்கள் சொன்னவற்றில் எது நிற்கும், எது நிற்காது?

‘ஈழத்தமிழரை வெறும் பயங்கரவாதிகளாகக் காட்டுகிறது’ என்ற வாதம் முழுத் தொடருக்கும் பொருந்தாது. சமந்தா நடித்த ராஜி என்ற போராளியின் பாத்திரம் அதற்குச் சான்று. சென்னையில் துணி ஆலையில் வேலை பார்க்கும் பெண்ணாக அவர் அறிமுகமாகிறார். மேலாளரின் தொல்லை, பேருந்தில் உரசும் ஆண், திரும்பி வரும் வாடகை அறை. அந்த அறையில் அவர் சாப்பிடும் விதத்தைப் பாருங்கள். யாரோ எந்த நேரமும் கதவைத் தட்டலாம் என்று பழகிப்போன உடம்பு அது. படையினர் அவர் குடும்பத்துக்கும் அவருக்கும் செய்தவை பின்னால் சொல்லப்படுகின்றன. இந்திய வணிகத் தொடர் ஒன்றில் இலங்கைப் படையினரின் பாலியல் வன்முறை இவ்வளவு தெளிவாகச் சொல்லப்பட்டது சின்ன விஷயமல்ல. பழிவாங்கலை ஏற்காத தீபனும் இருக்கிறார். எழுதியவர்கள் எதிரணிக்குள்ளேயே கருத்து வேறுபாட்டை வைத்திருக்கிறார்கள்.

ஆனால் மற்ற இரண்டு குறைகள் நிற்கின்றன, அவை பெரிய குறைகள். முதலாவது, கதையின் அச்சாணியே ஈழப் போராளிகளும் பாகிஸ்தானின் உளவு அமைப்பான ஐ.எஸ்.ஐ.யும் கைகோப்பது. மேஜர் சமீர் என்ற பாகிஸ்தான் அதிகாரி பாஸ்கரனின் துயரத்தைத் தூண்டிவிட்டு, இந்தியப் பிரதமரைக் கொல்லும் திட்டத்தில் இறக்குகிறார். போரின் கடைசிக் கட்டத்தில் பாகிஸ்தான் நின்றது இலங்கை அரசின் பக்கம். ஆயுதம் கொடுத்தது யார், எதிர்த்தரப்பில் நின்றது யார் என்பது அந்த வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு நினைவில் இருக்கிறது. புனைவுக்குச் சுதந்திரம் உண்டு. அதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் நேற்றைய வரலாற்றைத் தலைகீழாகத் திருப்புவதற்கு ஒரு காரணமும் கதைக்குள் இல்லை, பழைய சீசனின் எதிரியைப் புதிய எதிரியோடு ஒட்டவைப்பதைத் தவிர.

இரண்டாவது, லண்டன். தொடரின் லண்டன் பாஸ்கரன் கட்டளையிடும் ஓர் இடம், அவ்வளவுதான். மெய்யான லண்டனில் அதே காலத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது? 2010இல் புலம்பெயர்ந்தோர் பல நாடுகளில் வாக்களித்து அமைத்த நாடு கடந்த தமிழீழ அரசாங்கம் என்று ஒன்று உண்டு. அதன் பிரதமர் என அழைக்கப்படுபவர் நியூயார்க்கில் சட்டத்தரணியாக இருக்கும் விசுவநாதன் உருத்திரகுமாரன். விடுதலைப் புலிகள் மீது 2001 முதல் பிரிட்டனில் இருக்கும் தடையை நீக்கக் கோரி, அந்த அமைப்பைச் சேர்ந்தவர்கள் தடைசெய்யப்பட்ட அமைப்புகளுக்கான மேன்முறையீட்டு ஆணையத்துக்குப் போனார்கள். தடையைத் தொடர உள்துறை அமைச்சு எடுத்த முடிவு பிழையான முறையில் எடுக்கப்பட்டது என்று 2020 அக்டோபரில் ஆணையம் தீர்ப்பளித்தது. விவகாரம் மீண்டும் அமைச்சரிடம் போனது. 2021 ஆகஸ்டில் தடையைத் தொடர்வதாக அவர் அறிவித்தார். அந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில்தான், ஜூன் மாதத்தில், லண்டனில் இருக்கும் நாடு கடந்த அரசு குண்டுத் திட்டம் தீட்டுவதாக ஒரு தொடர் வந்தது. புலிகளைப் பற்றி ஒருவர் என்ன கருத்து வைத்திருந்தாலும் சரி (அந்த இயக்கத்தின் கையால் துன்பப்பட்ட தமிழர்களும் இதே தெருக்களில் இருக்கிறார்கள்), நீதிமன்றப் படிகளில் நின்றவர்களைத் திரை வெடிகுண்டுக்காரர்களாக்கியது என்பது உண்மை. இந்தக் குறையைத் தமிழ்நாட்டுத் தலைவர்களின் கடிதங்களைவிட லண்டன் பார்வையாளரே அழுத்திச் சொல்ல முடியும். போதிய அளவுக்குச் சொல்லவில்லை என்பது என் வருத்தம்.

பேச்சு மொழியைப் பற்றியும் ஒன்று. ராஜியின் தமிழ் யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ வளர்ந்த ஒருவரின் தமிழாகக் காதில் விழவில்லை. சொற்கள் சில வந்துவிட்டன, இழுப்பும் நிறுத்தமும் வரவில்லை. முகத்துக்கு மை பூசச் செலவிட்ட கவனத்தில் பாதியைப் பேச்சுப் பயிற்சிக்குக் கொடுத்திருந்தால், அந்த மை தேவைப்பட்டிருக்காது.

தன் கூட்டத்தை நல்லவர்களாகக் காட்டினால் போதும், ஈழத்தமிழ்ப் பார்வையாளர் திருப்தியடைந்துவிடுவார் என்று நினைப்பவர்களுக்கு மறுமொழி இரண்டே வாரத்தில் வந்தது. 2021 ஜூன் 18 அன்று கார்த்திக் சுப்புராஜின் ‘ஜகமே தந்திரம்’ நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. களம் மறுபடியும் லண்டன், கதை மறுபடியும் குற்ற உலகம். ஜோஜு ஜார்ஜ் நடித்த சிவதாஸ், அகதிகளைக் கொண்டுவந்து சேர்க்கப் பணம் திரட்டும் தமிழ்த் தாதா. குடிவரவுக்கு எதிரான வெள்ளை இனவாதியாக ஜேம்ஸ் காஸ்மோ. அனுதாபம் முழுக்க ஈழத்தமிழர் பக்கம். ஆனால் வரவேற்பு கலவையாகவே இருந்தது. மதுரையிலிருந்து வரும் சுருளி துரோகம் செய்து, பிறகு மனம் மாறி, எங்களைக் காப்பாற்றுகிறார். எங்கள் துயரம் அவர் மனமாற்றத்துக்கு ஒரு படிக்கட்டு. புகழ்ச்சியும் வெளியிலிருந்து வரும்போது பழிச்சொல்லைப் போலவே ஆளைத் தவறவிடும் என்பதை அந்தப் படம் காட்டியது.

உள்ளிருந்து எழுதப்பட்ட குற்றக் கதை எப்படி இருக்கும் என்பதற்கு நமக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. கனடாவில் லெனின் எம். சிவம் 2009இல் ‘1999’ எடுத்தார். டொரொன்டோவின் தமிழ் இளைஞர் கும்பல்களைப் பற்றியது. 2013இல் ‘எ கன் அண்ட் எ ரிங்’ எடுத்தார். ஷாங்காய் சர்வதேசத் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்குத் தேர்வான படம். இவற்றில் தமிழர்கள் குற்றம் செய்கிறார்கள், கொல்கிறார்கள், பொய் சொல்கிறார்கள். யாரும் தடை கேட்கவில்லை. காரணம் எளிது: குற்றவாளியின் பக்கத்தில் அவன் தாயும், அவனைக் கண்டு பயப்படும் கடைக்காரரும், அவனைத் திருத்தப் பார்க்கும் நண்பனும் அதே சமூகத்தவராக நிற்கிறார்கள். 2015இல் கான் விழாவில் தங்கப் பனை வென்ற ழாக் ஓடியாரின் ‘தீபன்’ பிரெஞ்சு இயக்குநரின் படம்தான்; ஆனால் முக்கிய பாத்திரத்தில் எழுத்தாளர் ஷோபாசக்தி இருந்ததால் பேச்சிலும் நடையிலும் பொய் குறைவு. அதன் கடைசிப் பகுதித் துப்பாக்கிச் சண்டையும் இங்கிலாந்தில் கிடைக்கும் நிம்மதியும் என்னை நம்பவைக்கவில்லை. என்றாலும் அங்கே என் மனத்தாங்கல் ஒரு பார்வையாளனின் மனத்தாங்கல். காட்டப்பட்டவனின் காயம் அல்ல.

அந்த வித்தியாசத்தை இன்னும் தெளிவாக உணர்த்தியது புஷ்கர்-காயத்ரியின் ‘சுழல்’. 2022 ஜூன் 17 அன்று முதல் சீசன். சாம்பலூர் என்ற மலையடிவார ஊர், சிமென்ட் ஆலை, மயானக் கொள்ளைத் திருவிழா. 2025 பெப்ரவரி 28 அன்று இரண்டாவது. புதிய சீசனின் தொடக்கத்தில் வழக்கறிஞர் செல்லப்பா (லால்) பூட்டிய வீட்டுக்குள் பிணமாகக் கிடக்கிறார். காளிப்பட்டினத்தில் அஷ்டகாளித் திருவிழா நடக்கிறது. எட்டு இளம்பெண்கள், ஒருவரை ஒருவர் தெரியாது என்று சொல்லிக்கொண்டு, தனித்தனியாக வந்து ‘நான்தான் கொன்றேன்’ என்கிறார்கள். அதைப் பற்றித் தமிழர்கள் என்ன பேசினார்கள்? முதல் சீசனின் வேகம் இல்லை என்றார்கள். எட்டுப் பேர் அதிகம், மனதில் தங்கவில்லை என்றார்கள். திருவிழாவைக் கதையோடு பின்னியது அழகு என்றார்கள். நாயகன் சக்கரையும் நாயகி நந்தினியும் சேர்வார்களா என்று கேட்டார்கள். ‘லைன் ஆஃப் டியூட்டி’ பார்த்த ஆங்கிலேயர் சுருக்கெழுத்துக்கு விளக்கம் கேட்டதைப் போன்ற, சுதந்திரமான, வீட்டுத்தனமான பேச்சு. ஊர் நம்முடையது, பிணம் நம்முடையது, துப்பறிபவரும் நம்மவர். குற்றவாளி யாராக இருந்தாலும் இனத்துக்கு இழுக்கில்லை. அப்போதுதான் ஒருவர் முழுப் பார்வையாளராகிறார்.

‘தி ஃபேமிலி மேன்’ தொடரைக் கொஞ்சம் விலகி நின்று பார்த்தால் அமைப்பு புலப்படுகிறது. 2019இன் முதல் சீசனில் காஷ்மீரும் கேரளத்து முஸ்லிம் இளைஞர்களும். அப்போது ஆர்.எஸ்.எஸ். சார்பு இதழான ‘பாஞ்சஜன்யா’ நேர் எதிர்த் திசையிலிருந்து அதைத் தேசவிரோதம் என்று தாக்கியது. 2021இல் தமிழரும் ஈழமும். 2025 நவம்பரில் மூன்றாவது சீசன் வடகிழக்கு மாநிலங்களுக்குப் போனது. மும்பை நடுத்தரக் குடும்பம் ஒன்று நடுவில் அசையாமல் இருக்க, ஒவ்வொரு சீசனுக்கும் ஓர் எல்லைப்புறம் புதிய அபாயமாக வந்து சேர்கிறது. படைப்பாளிகளின் மனதில் வெறுப்பு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் அந்த மக்களுக்கு அவர்கள் ஒரு நியாயத்தையும் எழுதுகிறார்கள். ஆனால் தொடரின் அமைப்பே அப்படிப்பட்டது. நல்ல நோக்கம் அமைப்பை வெல்லாது. அடுத்த சீசனின் முதல் எபிசோடில் எந்த ஊர் வீடு தன்னைத் தேடிப் பார்க்கப் போகிறது என்பதே எஞ்சும் கேள்வி.

நம் பக்கமும் ஒரு கடமை இருக்கிறது. மனோர் பார்க்கும் ஈஸ்ட் ஹாமும் குற்றமே அறியாத இடங்கள் அல்ல. 2000களின் தொடக்க ஆண்டுகளில் லண்டன் தமிழ் இளைஞர் கும்பல்கள் வாளும் கத்தியும் எடுத்து ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டதை இந்தத் தெருக்கள் பார்த்தன. கடன் அட்டை மோசடிகள் நடந்தன. போரிலிருந்து தப்பி வந்த பையன்கள், இரவு வேலை பார்க்கும் பெற்றோர், பள்ளியில் அடி வாங்கிய பிறகு கும்பலைத் தேடிப் போன தம்பிமார்: இது ஒரு முழுக் குற்றத் தொடருக்கான பொருள். அதை நாம் எழுதாமல் வைத்திருக்கிறோம். மானம் போய்விடும் என்ற பயம் ஒரு காரணம். நாமே சொன்னால் வெளியார் அதை நமக்கு எதிராகப் பயன்படுத்துவார்கள் என்ற பயம் இன்னொன்று. பரமேஸ்வரனுக்கு நடந்ததைப் பார்த்தவர்களிடம் அந்தப் பயத்தைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆனாலும், நாம் சொல்லாத கதையை மும்பையிலோ சென்னையிலோ இருந்து வேறொருவர் தனக்குத் தெரிந்த மட்டில் சொல்வார், 2021இல் சொன்னதைப் போல.

ஆகவே இதை வாசிப்பவர்களிடம் இரண்டு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு தொடரின் முன்னோட்டம் மனதைச் சுட்டால், தடை கேட்டுக் கையெழுத்துப் போடும் முன் முதல் எபிசோடையாவது முழுதாகப் பாருங்கள். பிறகு எந்தக் காட்சியில், எந்த வசனத்தில், எந்த வரலாற்றில் பிழை என்று குறித்து, அந்த நிறுவனத்துக்கும் பத்திரிகைகளுக்கும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். தடைக் கடிதத்தை எடுத்து வைத்துவிடலாம். காட்சி காட்சியாகச் சுட்டிய பிழைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இரண்டாவது, உங்கள் வீட்டில் எழுதத் தெரிந்த, படம் எடுக்கத் துடிக்கும் பிள்ளை ஒன்று இருந்தால், ‘நம் கெட்டதை ஏன் வெளியில் சொல்கிறாய்’ என்று தடுக்காதீர்கள். ரொம்ஃபோர்ட் சாலையில் தொடங்கும் முதல் எபிசோடை அந்தப் பிள்ளைதான் எழுத வேண்டும்.